ஐன்ஸ்டைனுக்கு ஒரு மாற்று: எப்படி எடைபோடுவது?

வானியல் கூட்டங்களில் பேசி முடித்ததும் கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். கையில் ஒரு நோட்டு இருக்கும், அல்லது பின் அடித்த தாள்கள் இருக்கும். "சார், சார்பியலில் அடிப்படையிலேயே பிழை இருக்கு. நான் வேற ஒரு கோட்பாடு எழுதியிருக்கேன். பத்து வருஷமா எல்லாருக்கும் அனுப்புறேன், ஒருத்தர்கூட பதில் போடலை" என்பார். கூட்டத்தில் சிலர் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அவர் கேட்பது நியாயமான கேள்வி. சார்பியலுக்கு மாற்றுச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. கடந்த நூறு ஆண்டுகளில் முதல்தர இயற்பியலாளர்கள் பலரே மாற்றுக் கோட்பாடுகளை எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தோற்றுப்போயின. ஆனால் தோற்றவற்றிலும் சில மிக நல்ல அறிவியல். அது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், கையில் நோட்டோடு நிற்பவருக்கும் ஒரு நேர்மையான பதில் கிடைக்கும்.

முதலில், எதற்கு மாற்று என்பதில் தெளிவு வேண்டும். சார்பியல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு. 1905இல் ஐன்ஸ்டைன் எழுதியது சிறப்புச் சார்பியல். சீரான வேகத்தில் போகிற எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே என்பது அதன் தொடக்கம். இதை ஏற்றுக்கொண்டால் நேரமும் நீளமும் பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும் என்ற முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். 1915 நவம்பரில் முடித்தது பொதுச் சார்பியல். இது ஈர்ப்பைப் பற்றியது. கனமான பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள காலத்தையும் வெளியையும் வளைக்கின்றன. கோளும் ஒளியும் அந்த வளைவின் வழியே போகின்றன. கடுமையான போட்டி எல்லாம் இந்த இரண்டாவதற்குத்தான் வந்தது.

இரண்டுமே நம் சட்டைப்பைக்குள் வேலை செய்கின்றன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் வேகமாகச் சுற்றுவதால் தினமும் 7 மைக்ரோநொடி பின்தங்குகின்றன. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோநொடி முந்துகின்றன. மொத்தத்தில் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்தல். ஒரு மைக்ரோநொடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். ஆக, திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் பிழை சேரும். எனவே மாற்றுக் கோட்பாடு எதுவானாலும் முதலில் இந்த 38ஐக் கணக்குப் போட்டுத் தர வேண்டும். "கடிகாரம் கொஞ்சம் மாறும்" என்று சொன்னால் போதாது. 38 என்ற எண் வர வேண்டும்.

43 விகலை

இந்தக் கதையில் மிகப் பழைய எண் புதன் கோளுடையது. புதன் நீள்வட்டத்தில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியனுக்கு மிக அருகில் அது வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கிறது. வெள்ளி, பூமி, வியாழன் எல்லாம் அதை இழுப்பதால் இது நடக்கும் என்று நியூட்டனின் விதிகளே சொல்கின்றன. பிரான்சின் லெ வெரியே 1859இல் கணக்கைச் சரிபார்த்தபோது கொஞ்சம் நகர்வு மிச்சம் இருந்தது. பிற்பாடு அமெரிக்காவின் நியூகோம் அதை நூற்றாண்டுக்கு 43 விகலை என்று திருத்தினார். ஒரு பாகையை 3600ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விகலை. நூறு மீட்டர் தள்ளி ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் அது எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் 43 விகலை. நூறு ஆண்டுகளில் சேரும் பிழை அது. அதைக்கூட விடாமல் துரத்தினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

லெ வெரியே என்ன செய்தார்? புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கலாம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. அவர் அப்படி நினைத்ததில் தவறே இல்லை. யுரேனஸின் பாதையில் இருந்த பிழையை வைத்து, 1846இல் நெப்டியூன் எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிய இரவே கோள் கிடைத்தது. அதே வழியை இங்கேயும் போட்டுப் பார்த்தார். கிரகணங்களின்போது வல்கனைத் தேடினார்கள். பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு, எதுவும் உறுதியாகவில்லை. வல்கன் இல்லை. ஆனால் அந்த யோசனை அறிவியலுக்கு உட்பட்டதுதான். எங்கே தேட வேண்டும் என்று அது சொன்னது, தேடினார்கள், கிடைக்கவில்லை, கைவிட்டார்கள்.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய சமன்பாடுகளைப் புதனுக்குப் போட்டுப் பார்த்தார். 43 வந்தது. அந்த எண்ணுக்காக அவர் எதையும் திருகி வைக்கவில்லை. சூரியனின் நிறை, புதனின் பாதை, ஒளியின் வேகம் இவை மட்டுமே உள்ளே போயின. இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அழகான போட்டியாளர்

ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை முடிப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு போட்டியாளர் இருந்தார்: பின்லாந்தின் குன்னர் நோர்ட்ஸ்ட்ரோம். 1912, 1913இல் அவர் எழுதிய ஈர்ப்புக் கோட்பாடு ஐன்ஸ்டைனுடையதைவிட எளிமையானது. சிறப்புச் சார்பியலோடு பொருந்தியது, நியூட்டனின் முடிவுகளையும் தந்தது, உள்முரண் இல்லாதது. ஐன்ஸ்டைனே அதை மதித்து, 1914இல் இன்னொருவரோடு சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

ஆனால் அது இரண்டு இடங்களில் ஐன்ஸ்டைனோடு மோதியது. நோர்ட்ஸ்ட்ரோமின் கணக்குப்படி சூரியனின் பக்கத்தில் போகும் ஒளி வளையவே வளையாது. புதனின் புள்ளியோ முன்னால் நகர்வதற்குப் பதில் நூற்றாண்டுக்குச் சுமார் 7 விகலை பின்னால் போக வேண்டும். இப்படி எண்ணோடு மோதுவதுதான் நமக்கு வேண்டியது. யார் சரி என்று வானத்தைக் கேட்கலாம்.

கேட்டார்கள். 1914 ஆகஸ்ட் கிரகணத்தில் ஒளி வளைவை அளக்க ஒரு ஜெர்மானியக் குழு கிரிமியா போனது. முதல் உலகப் போர் வெடித்து, ரஷ்யாவில் பிடிபட்டார்கள். பிறகு 1919 மே 29 கிரகணம். இங்கிலாந்தின் வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள பிரின்சிப்பே தீவுக்குப் போனார், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலுக்குப் போனது. ஐன்ஸ்டைன் சொன்னது 1.75 விகலை. ஒளியை நியூட்டன் வழியில் ஒரு துகளாக நினைத்தால் அதில் பாதி. நோர்ட்ஸ்ட்ரோம் சொன்னது சுழியம். பிரின்சிப்பேயில் 1.61, சோப்ராலில் 1.98 என்று வந்தன. பிழை வரம்பு இருந்தாலும் சுழியத்துக்கு இடமே இல்லை.

நோர்ட்ஸ்ட்ரோம் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1919க்கு முன்பே அவர் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைக் கையில் எடுத்து அதில் வேலை செய்யத் தொடங்கிவிட்டார். மின்னூட்டம் உள்ள கருந்துளையைப் பற்றிய தீர்வு இன்று பாடப்புத்தகங்களில் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது.

கொடைக்கானலில் ஒரு பாடம்

ஐன்ஸ்டைன் சொன்ன மூன்றாவது சோதனை ஒன்று உண்டு. ஈர்ப்பிலிருந்து மேலே ஏறி வரும் ஒளி கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகரும். சூரிய ஒளிக்கு அது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இதைத் தேடியவர்களில் ஒருவர் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட். மலைமேல் இருந்தபடி சூரிய நிறமாலையின் கோடுகளை அளந்தார். சூரியப் பரப்பில் வாயுக்கள் மேலும் கீழும் கொதித்துக்கொண்டே இருப்பதால், அந்த நகர்வையும் ஈர்ப்பின் நகர்வையும் பிரிப்பது அன்று பெரும்பாடு. 1922இல் ஆஸ்திரேலியாவின் வல்லாலுக்குப் போய்க் கிரகணத்தில் ஒளி வளைவையும் அளக்க முயன்றார். அவருக்குப் பயன்படும் முடிவு கிடைக்கவில்லை. அதே இடத்தில் அமெரிக்காவின் லிக் ஆய்வகக் குழுவுக்கு 1.72 விகலை என்று நல்ல அளவு கிடைத்தது.

இந்தச் சிவப்பு நகர்வைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1960இல் ஹார்வர்டில் வெறும் 22 மீட்டர் உயரக் கோபுரத்திலேயே அதை அளந்து உறுதிசெய்தார்கள். ஆனால் அது பொதுச் சார்பியலுக்குத் தனி வெற்றி ஆகாது. எல்லாப் பொருள்களும் ஒரே மாதிரி விழும் என்ற கருத்தை, அதாவது சமானக் கொள்கையை, அடிப்படையாக வைத்து நேர்மையாகக் கட்டிய எந்தக் கோட்பாடும் அதே நகர்வைத் தரும். நோர்ட்ஸ்ட்ரோமுடையதும் தரும். ஆக, "என் கோட்பாடு சிவப்பு நகர்வை விளக்குகிறது" என்று ஒருவர் சொன்னால் அதனால் போட்டி தீராது. எல்லோரும் பாஸ் ஆகிற பரீட்சையில் பாஸ் ஆனதாகத்தான் அர்த்தம். போட்டியாளர்கள் பிரியும் இடத்தில் சோதனை வைக்க வேண்டும்.

கார்ல் பிரான்ஸ், டிக்கி, ஒரு திருகு

இப்போது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தோல்விக்கு வருகிறேன். தோல்வி என்ற சொல்லே முழுக்கப் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்.

பேருந்து திடீரென்று பிரேக் போட்டால் நின்றிருப்பவர் முன்னால் சாய்கிறார். அது நிலைமம் என்று பள்ளியில் படித்தோம். சரி, அந்த நிலைமம் எங்கிருந்து வருகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் மாக் ஒரு விசித்திரமான பதிலை நோக்கிக் கைகாட்டினார்: தூரத்து விண்மீன்கள் எல்லாம் சேர்ந்துதான் நமக்கு நிலைமத்தைத் தருகின்றன. அண்டத்தில் வேறு பொருளே இல்லாவிட்டால் பேருந்தில் யாரும் சாயமாட்டார்கள். ஐன்ஸ்டைனுக்கே இந்த எண்ணத்தில் ஈடுபாடு இருந்தது. ஆனால் அவருடைய பொதுச் சார்பியல் இதை முழுதாக நிறைவேற்றவில்லை.

1961இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கார்ல் பிரான்ஸ் என்ற இளைஞரும் ராபர்ட் டிக்கி என்ற பேராசிரியரும் அந்த எண்ணத்தைச் சமன்பாடாக்கினார்கள். பாஸ்குவல் யோர்டான் என்ற ஜெர்மானியர் இதே பாதையில் முன்பே கொஞ்ச தூரம் போயிருந்தார். யோசனை இதுதான். ஈர்ப்பின் வலிமையைச் சொல்லும் மாறிலி ஒன்று உண்டு. எங்கேயும் எப்போதும் ஒரே எண் என்று நாம் நம்புவது. அது உண்மையில் மாறிலி ஆகாது, அண்டம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு புலம் என்றார்கள். சுற்றிலும் எவ்வளவு பொருள் இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் புலம் மாறும். அண்டம் விரிய விரிய ஈர்ப்பு மெல்லத் தளரும். ஐன்ஸ்டைன் சொன்ன வளைவும் உண்டு, கூடவே இந்தப் புலமும் உண்டு.

புலத்தின் பங்கு எவ்வளவு? அதைக் கோட்பாடு தானாகச் சொல்லாது. ஒமேகா என்ற ஓர் எண் அதைத் தீர்மானிக்கிறது. கேஸ் அடுப்பின் திருகு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒமேகா சிறிய எண்ணாக இருந்தால் புலம் பலமாக எரியும். ஐன்ஸ்டைனிடமிருந்து நன்றாக விலகுவோம். ஒமேகாவைக் கூட்டக் கூட்டப் புலம் அணைந்துகொண்டே போய், கடைசியில் பொதுச் சார்பியலே மிஞ்சும்.

ஒமேகா 5 என்று வைத்தால் புதனின் நகர்வு 43 வராது. சுமார் 39 வரும். "அப்படியானால் அன்றே தோற்றுவிட்டதே" என்று தோன்றும். டிக்கி சும்மா இருக்கவில்லை. சூரியன் சரியான உருண்டை என்று வைத்துத்தானே 43 பொருந்துகிறது? சூரியன் உள்ளே வேகமாகச் சுழன்று நடுவில் கொஞ்சம் பருத்திருந்தால், அந்தப் பருமனே புதனை மூன்று நான்கு விகலை நகர்த்தும். மிச்சம் 39. அவர் கோட்பாடு சரி; ஐன்ஸ்டைனின் 43 தற்செயல்! இதற்காக அவரே கருவி செய்து, 1966இல் கோல்டன்பெர்க் என்பவரோடு சூரியனின் வடிவத்தை அளந்தார். பருமன் இருக்கிறது, லட்சத்தில் 5 பங்கு என்று அறிவித்தார். பொதுச் சார்பியலின் மிகப் பெரிய வெற்றியே ஆட்டம் கண்ட காலம் அது.

எந்த இயற்பியலாளரும் "ஐன்ஸ்டைனையா கேள்வி கேட்கிறாய்" என்று டிக்கியை விரட்டவில்லை. காரணம் எளிது. பழைய முடிவுகள் எல்லாவற்றையும் அவர் கோட்பாடு தந்தது. புதிய எண்களையும் தந்தது. எங்கே அளந்தால் தான் தோற்பேன் என்பதையும் அவரே சொன்னார். நிலவில் கண்ணாடி வைத்து லேசர் ஒளியைத் திருப்பி வாங்கித் தூரத்தை அளக்கலாம் என்ற யோசனைகூட டிக்கியின் குழுவைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் அந்தக் கண்ணாடிகளை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் அளவுகள் வரத் தொடங்கின. சூரியனின் பருமனை மற்றவர்கள் வேறு முறைகளில் அளந்தபோது டிக்கி சொன்ன அளவு வரவில்லை. பிற்காலத்தில் சூரியனின் அதிர்வுகளை வைத்து அதன் உட்புறத்தையே கணித்தார்கள். அந்தப் பருமன் புதனை நகர்த்தும் அளவு ஒரு விகலையில் சில நூறில் பங்குதான் என்று தெரிந்தது. 43 தற்செயல் ஆகவில்லை.

நிலவின் லேசர் இன்னொரு கதவை மூடியது. பிரான்ஸ்-டிக்கி கோட்பாட்டின்படி, ஒரு பொருள் தன்னைத் தானே ஈர்ப்பால் பிடித்துவைத்திருக்கும் ஆற்றலும் அது விழும் விதத்தைக் கொஞ்சம் மாற்றும். பூமிக்கு அந்த ஆற்றல் நிலவைவிட அதிகம். ஆகவே சூரியனை நோக்கி இரண்டும் துளியளவு வேறு வேறாக விழ வேண்டும். ஒமேகா 5 என்றால் நிலவின் தூரத்தில் அது மீட்டர் அளவுக்குத் தெரிய வேண்டும். 1976இல் முடிவுகள் வெளியானபோது அப்படி எதுவும் தெரியவில்லை. இந்த விளைவைக் கணித்துச் சொன்னவர் கென்னத் நோர்ட்வெட். அவர் பெயரால்தான் இன்றும் அது அழைக்கப்படுகிறது.

மூன்றாவது அடி ரேடியோ அலைகளிலிருந்து வந்தது. சூரியனை உரசிப் போகும் ரேடியோ அலை, வளைவின் காரணமாகக் கொஞ்சம் தாமதமாக வரும் என்று 1964இல் இர்வின் ஷபீரோ சொல்லியிருந்தார். போய்த் திரும்ப 200 மைக்ரோநொடி அளவுக்கு. செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலங்கள் மூலம் அதை ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் அளந்தபோது ஒமேகா 500க்கு மேல் இருந்தாக வேண்டும் என்று ஆனது. 2002 ஜூனில், சனிக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலம் பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்குப் பின்னால் வந்தது. இத்தாலியக் குழு ஒன்று அதன் ரேடியோ அலைகளை வைத்து அளந்து 2003இல் முடிவை வெளியிட்டது. ஒமேகா 40,000க்கும் மேல். திருகை ஏறக்குறைய முழுதாக அணைத்தாகிவிட்டது.

கவனியுங்கள், கோட்பாடு பொய் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஒமேகாவைக் கோடி என்று வைத்தால் இன்றைய எந்த அளவோடும் அது மோதாது. ஆனால் அப்போது ஐன்ஸ்டைனோடு அதற்கு வித்தியாசமும் தெரியாது. திருகு வைத்த கோட்பாடுகளின் பலவீனம் இதுதான். ஐன்ஸ்டைனின் 43க்குள் எந்தத் திருகும் இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? அந்த எண் தவறியிருந்தால் ஒதுங்க அவருக்கு இடமே இருந்திருக்காது. ஆகையால் இரண்டு கோட்பாடுகள் ஒரே முடிவைச் சொன்னாலும், திருகு இல்லாமல் சொன்னதற்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

எண்களே ஒன்றானால்?

சில மாற்றுகள் மோதவே மோதாது. சிறப்புச் சார்பியலுக்கு லோரன்ஸின் ஈதர் கோட்பாடு அப்படிப்பட்டது. ஒளி போவதற்கு ஈதர் என்ற ஊடகம் உண்டு என்று அன்று நம்பினார்கள். அதன் வழியே பூமி போவதை அளக்க 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் முயன்று, எதுவும் தெரியாமல் திரும்பினார்கள். ஈதரில் நகரும் பொருள் சுருங்கும், கடிகாரம் மெதுவாகும், ஆகவேதான் எதுவும் தெரியவில்லை என்று லோரன்ஸ் சமன்பாடுகளை எழுதினார். ஐன்ஸ்டைன் 1905இல் வந்து சேர்ந்தது அதே சமன்பாடுகளுக்கு. இன்றும் அவை லோரன்ஸின் பெயரால்தான் வழங்குகின்றன.

இங்கே எந்தச் சோதனையாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைன் வழியை ஏன் எடுத்தார்கள்? லோரன்ஸின் ஈதர் தன்னை எல்லா அளவுகளிலிருந்தும் முழுதாக மறைத்துக்கொள்கிறது. இருந்தும் எந்த வேலையும் செய்யாத ஒன்றைச் சுமக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். மேலும் ஐன்ஸ்டைனின் பாதை பொதுச் சார்பியலுக்குக் கொண்டுபோனது. ஈதரை இன்றும் விரும்புகிறவர்கள் தர்க்கத் தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "ஐன்ஸ்டைனைத் தோற்கடித்துவிட்டேன்" என்று அவர்கள் சொல்லவும் முடியாது. எனக்குக் காட்டப்படும் நோட்டுகளில் கணிசமானவை, தெரிந்தோ தெரியாமலோ, லோரன்ஸின் இந்தப் பழைய பாதையில்தான் நடக்கின்றன.

வானம் வேகமாகத் தீர்ப்புச் சொன்ன இரண்டு வழக்குகளையும் சொல்லிவிடுகிறேன். ஐன்ஸ்டைனோடு சேர்ந்து வேலை செய்த நேதன் ரோசன் 1970களில் ஒரு மாற்றுக் கோட்பாடு எழுதினார். சூரியக் குடும்பத்துச் சோதனைகள் அனைத்தையும் அது தாண்டியது. 1974இல் ஹல்ஸும் டெய்லரும் ஒன்றையொன்று எட்டு மணி நேரத்துக்குள் சுற்றிவரும் இரு நியூட்ரான் விண்மீன்களை, அதாவது பெரிய விண்மீன்கள் இறந்தபின் மிஞ்சும் இறுகிய கருக்களை, கண்டார்கள். ஈர்ப்பு அலைகளாக, அதாவது காலவெளியில் பரவும் சிற்றலைகளாக, ஆற்றல் வெளியேறுவதால் அந்தச் சுற்று ஆண்டுக்கு சுமார் 76 மைக்ரோநொடி சுருங்குகிறது. ஐன்ஸ்டைனின் கணக்கோடு அது பொருந்தியது, ரோசனின் கணக்கோடு பொருந்தவில்லை.

இன்னொன்று, கேலக்ஸிகளில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து ஈர்ப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருள் என்ற ஒன்றே தேவையில்லை, ஈர்ப்பு விதியை மாற்றினால் போதும் என்ற கட்சி. 1983இல் மில்க்ரோம் தொடங்கியது. 2004இல் பெக்கென்ஸ்டைன் அதற்குச் சார்பியல் வடிவம் கொடுத்தார். கேலக்ஸிகள் சுழலும் விதத்தை இந்த எண்ணம் வியக்கும்படி விளக்குகிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலை வந்தது. 1.7 நொடி கழித்து, ஒளியின் ஒரு வகையான காமா கதிர் வந்து சேர்ந்தது. இரண்டின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குக்கு மேல் வேறுபடவில்லை. பெக்கென்ஸ்டைனின் கோட்பாடு உட்பட, ஒளியும் ஈர்ப்பு அலையும் வேறு வேறு நேரத்தில் வந்தாக வேண்டும் என்று சொன்ன பல கோட்பாடுகள் அந்த 1.7 நொடியில் விழுந்தன. அந்தக் கட்சி இன்னும் மறையவில்லை. 2017ஐயும் தாங்கும் புதிய வடிவங்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேர்மையான வேலை என்றே நினைக்கிறேன்.

நோட்டோடு வந்தவரிடம்

அவர் நோட்டைப் பிரிக்கும்போது நான் முதலில் தேடுவது ஓர் எண். புதனுக்கு 43 எங்கே வருகிறது? ஒளிக்கு 1.75 எந்தப் பக்கத்தில்? ஜி.பி.எஸ். கடிகாரத்துக்கு 38? இவை சமன்பாட்டிலிருந்து பிறக்கின்றனவா, அல்லது விடையைப் பார்த்துவிட்டுப் பின்னால் சேர்க்கப்பட்டனவா? அடுத்தது, ஐன்ஸ்டைனிடமிருந்து உங்கள் கணக்கு எங்கே பிரிகிறது, எவ்வளவு பிரிகிறது? அந்த வித்தியாசத்தை இன்றைய கருவிகள் ஏற்கெனவே அளந்திருக்கின்றனவா? பெரும்பாலும் உரையாடல் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். நோட்டு முழுக்க "இரட்டையர் கதை அபத்தம்" (வேகமாகப் பயணம் போய் வந்த இரட்டையர் ஒருவர் மற்றவரைவிட இளமையாக இருப்பார் என்ற சார்பியல் முடிவு), "நேரம் எப்படிச் சுருங்கும்" என்ற வாதங்களே இருக்கும். நம் மனத்துக்கு ஒப்பவில்லை என்பது ஒரு கோட்பாட்டுக்கு எதிரான சான்று ஆகாது. துகள் முடுக்கிகளில் வேகமாகப் போகும் துகள்கள் கூடுதல் நேரம் உயிரோடு இருப்பதைப் பல ஆண்டுகளாக அளக்கிறார்கள்.

"ஐன்ஸ்டைனும் ஓர் அலுவலகக் குமாஸ்தாதானே, அவரையும் முதலில் யாரும் ஏற்கவில்லையே" என்றும் சொல்வார்கள். பெர்னில் காப்புரிமை அலுவலகத்தில் அவர் வேலை பார்த்தது உண்மை. ஆனால் 1905 கட்டுரை அன்றைய முன்னணி ஜெர்மன் இயற்பியல் இதழில்தான் வெளிவந்தது. மாக்ஸ் பிளாங்க் அதை உடனே கையில் எடுத்து மேலே கொண்டுபோனார். அன்றைய மின்காந்தக் கோட்பாடு ஐன்ஸ்டைனுக்குக் கரதலப்பாடம். பழையதை முழுக்கக் கற்றவர் பழையதைத் தாண்டினார்.

அதே சமயம் அவரிடம் இதையும் சொல்வேன்: பொதுச் சார்பியல் முடிந்த முடிவு என்று யாரும் நினைக்கவில்லை. கருந்துளையின் நடுவில் அதன் எண்கள் முடிவிலிக்குப் போய்விடுகின்றன. குவாண்டம் இயற்பியலோடு அது இன்னும் சேரவில்லை. அண்டத்தின் விரிவு முடுக்கம் அடைகிறது என்று 1998இல் தெரிந்த பிறகு, அதன் காரணம் என்ன என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. மாற்று வேண்டும் என்ற பசி துறைக்கு உள்ளேயே இருக்கிறது. டிக்கி கொண்டுவந்த அந்தப் புலம் மாதிரியான ஒன்று இன்று வேறு வேறு பெயர்களில் பல கோட்பாடுகளில் திரும்ப வருகிறது.

அதனால்தான் திருகை இன்னும் சோதிக்கிறார்கள். நம்மிடமிருந்து நாலாயிரம் ஒளியாண்டுக்கும் மேல் தூரத்தில் மூன்று இறந்த விண்மீன்கள் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஒரு நியூட்ரான் விண்மீனும், சூரியன் போன்ற விண்மீன் இறந்தபின் மிஞ்சும் ஒரு வெள்ளைக் குள்ளனும் 1.6 நாளில் ஒன்றையொன்று சுற்றும். அந்த ஜோடி, தொலைவில் உள்ள இன்னொரு வெள்ளைக் குள்ளனை 327 நாளில் சுற்றும். நியூட்ரான் விண்மீன் தன் ஈர்ப்பாலேயே இறுகிக் கிடப்பது. வெள்ளைக் குள்ளன் அவ்வளவு இறுக்கமில்லை. பூமியும் நிலவும் வைத்துச் செய்த அதே சோதனைதான் இது, பல கோடி மடங்கு பலமான வடிவில். இரண்டும் மூன்றாவதை நோக்கி ஒரே மாதிரி விழுகின்றனவா என்று நியூட்ரான் விண்மீனின் துடிப்புகளைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தார்கள். பத்து லட்சத்தில் சில பங்கு துல்லியத்தில், ஒரே மாதிரிதான் விழுகின்றன. 2020இல் வந்த முடிவின்படி ஒமேகா 1,40,000க்கும் மேல்.